மண்ணூரிலேயே இறங்கிக்கொண்ட இன்சூரன்ஸ் ஏஜென்ட்

போன மழையில் வாசலில் நின்ற காருக்குள் தண்ணீர் புகுந்தது. பதற்றத்தில் ஸ்டார்ட் செய்தேன், இன்ஜின் போனது.

"தண்ணில நிக்கச்சொல்ல ஸ்டார்ட் பண்ணா கிளைம் கெடையாதுக்கா. இன்ஜினுக்குத் தனியா கவர் போட்டிருக்கணும்" என்றார் ஏஜென்ட். விற்கும்போது அதைச் சொல்லவே இல்லை.

இன்று ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால், அதே ஆள்! டிரைவருக்குத் தெரிந்தவராம்.

"புயல் வருதாம். வூட்டுக்கும் வண்டிக்கும் சேர்த்துப் போட்டுக்கோங்க" என்று சீட் சீட்டாக நோட்டீஸ் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

கடைசி சீட் வரை பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு பஸ்ஸுக்கே கேட்கும்படி, "அண்ணா, என்னாண்ட சொல்லாம வுட்டீங்களே, அந்த இன்ஜின் கவர் இதுல கீதா, இல்லியா?" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கம்பெனியில் எங்கள் லைனில் வேலை செய்யும் கலா எழுந்துவிட்டாள். "எது எதுக்குத் துட்டு தர மாட்டீங்க? மொதல்ல அதச் சொல்லு."

அப்புறம் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

தண்டலம் போக வேண்டியவர் மண்ணூரிலேயே இறங்கிக்கொண்டார். நல்ல மழை. கையில் குடை இல்லை. ஜன்னலைத் திறந்து ஆசை தீரப் பார்த்தேன்.

நாளை உங்கள் பஸ்ஸில் ஏறுவார். கலாவின் கேள்வியைக் கேளுங்கள். எந்த ஸ்டாப்பில் இறங்கினார் என்று கமெண்டில் சொன்னால் போதும்.