முயலுக்குப் பூசிய மஞ்சள்

வெள்ளையாக எதையும் வைத்துக்கொள்ள முடியாத ஊர் எங்களுடையது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைப் பக்கம் போகிற வழியில், சர்க்கரை ஆலையின் புகைபோக்கிக்குக் கீழே இருந்தது. அரவை தொடங்கிவிட்டால் கொடித்துணியில் மட்டுமல்ல, சோற்றுத் தட்டிலும் கரித்தூள் விழும். அப்படிப்பட்ட ஊருக்கு, உடம்பெல்லாம் சாண் நீளத்துக்கு மயிர் தொங்குகிற ஒரு வெள்ளை முயலைக் கொண்டுவந்தார்கள் என்றால் அவர்களை என்ன சொல்வது?

கொண்டுவந்தது ஆலை ஆபீசரின் மனைவி. கொடைக்கானலில் வாங்கியதாம். பொங்கலுக்குச் சொந்த ஊருக்குப் போனபோது முயலைக் கூண்டோடு எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்பா அந்த ஆலையில் கொதிகலனுக்கு அடியில் சாம்பல் வாருகிறவர். சீசன் ஆள்; அரவை முடிந்தால் வேலையும் முடிந்தது. அந்த வருஷம் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. "ஆபீசரு வூட்டு முயலு நம்ம வூட்ல இருக்குதுன்னா சும்மாவா?" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"கறை கிறை பட்டுடக் கூடாது. அதுக்காகக் குளிப்பாட்டிடாதீங்க, சளி பிடிச்சா போயிடும்" என்று அந்தம்மா ஒரு சீப்பும் ஒரு டப்பா சோள மாவும் கொடுத்திருந்தார். அழுக்குப் பட்ட இடத்தில் மாவைத் தூவி, மெல்லத் தேய்த்து, வாரி எடுக்க வேண்டும். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து வீட்டில் ஒரே சீப்பு, அதிலும் பாதிப் பல் இல்லை. முயலுக்குத் தனிச் சீப்பு!

அம்மா கரும்பு வெட்டிவிட்டு இருட்டுகிற நேரத்துக்கு வந்து, உலை வைத்துவிட்டு, முயலை வாருவாள். மூத்திரம் பட்டுக் கால்மயிர் பழுப்பேறும் என்று வைக்கோலை மாற்றுவாள். காலையில் எழுந்ததும் அதன் மேல் விழுந்த கரியை ஊதி எடுப்பாள், தேய்த்தால் அப்பிக்கொள்ளும். "எம் பொண்ணு தலைய ஒரு நாளு இப்பிடி வாரிக்கினு உக்காந்திருப்பனா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. அப்பாவை முயல் பக்கமே அண்டவிடவில்லை. வேலை விட்டு வரும்போது அவருக்குப் பல் மட்டும்தான் வெள்ளை.

மாட்டுப் பொங்கல் வந்தது. எங்களுக்கு மாடும் கிடையாது, மாடு கட்ட இடமும் கிடையாது. வருஷா வருஷம் அப்பா அடுத்தவர் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்துக் கொடுத்துவிட்டு, இலையில் பொங்கல் வாங்கிக்கொண்டு வருவார். அன்று எங்கும் போகவில்லை. அம்மா தண்ணீருக்குப் போனதும் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து, முயலைத் தூக்கி மடியில் வைத்து, நெற்றியிலும் முதுகிலும் நான்கு காலிலும் குழைத்த மஞ்சளைத் தாராளமாகப் பூசினார். குங்குமம் வைத்தார். கழுத்தில் சாமந்தி மாலை. கற்பூரம் வேறு. "பொங்கலோ பொங்கல்" என்று நான் தட்டைத் தட்டினேன். முயல் மாலையைத் தின்றது.

குடத்தோடு வந்த அம்மா குடத்தை இறக்கவில்லை. "இன்னாய்யா பண்ணி வச்சிருக்க?"

"நம்ம வூட்ல ஒரு வாயில்லா சீவன் இருக்கச் சொல்ல, நல்ல நாளும் அதுவுமா சும்மா வுட முடியுமா?" சொல்லும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. முகம் செத்துப்போயிற்று.

மாவு போட்டுத் தேய்த்தோம். மாவு மஞ்சளாயிற்று, முயல் வெள்ளையாகவில்லை. பயத்தில் அப்பா ஈரத்துணியில் துணி சோப்பைத் தேய்த்து ஒற்றினார். அவ்வளவுதான், மஞ்சளெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகி, முயல் வெட்டுப்பட்டது போல் நின்றது. "அடப்பாவி மனுசா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு, எல்லாம் போச்சு" என்று அப்பா அழுதேவிட்டார். எனக்கும் அழுகை வந்தது.

எலுமிச்சம்பழச் சாற்றால் துடைத்துச் சிவப்பை மறுபடி மஞ்சளுக்குக் கொண்டுவந்தது அம்மாதான். "மஞ்சக் கறைக்கு வெயிலுதான் மருந்து. பொடவையில பட்டா காயப்போட்டுத்தான போக்குறோம்?" என்றாள். புடவையைக் கொடியில் போடலாம். முயலை?

"நீ வெட்டுக்குப் போவாத" என்றார் அப்பா. "கூலி போனா போவுது. அவங்க வர்றதுக்குள்ள இத்த எப்பிடியாவது வெளுத்துடு."

அப்படித்தான் அம்மா உட்கார்ந்தாள். வாசலில் சாக்கை விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, முயலை மடியில் போட்டுக்கொண்டு, அதன் தலைக்கு மட்டும் முந்தானையால் நிழல் கொடுத்தாள். தை மாதத்துக் காலை வெயில் இதமாக இருந்தது. கரி விழுந்தால் ஊதுவது என் வேலை. "இன்னாக்கா, ராணி மாதிரி குந்திக்கினு இருக்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டுப் போனாள். அம்மா சிரித்தாள். பகலில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முயல் தூங்கியது, கொஞ்ச நேரத்தில் அம்மாவும் தூங்கினாள்.

முதுகு வெளுத்தது, நெற்றி வெளுத்தது, கடைசியாகக் காலும் வெளுத்தது. "யம்மா, வெள்ளையாயிடுச்சு!" என்று குதித்தேன்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "இல்ல, இன்னும் மஞ்ச இருக்குது. நல்லா பாரு."

மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தேன். ஒரு பொட்டுக்கூட இல்லை. "இல்லம்மா."

"அடியில இருக்கும்டி. நாளைக்கும் வெயில்ல வைக்கலாம்."

மறுநாளும் அதையேதான் சொன்னாள். அதற்கு மறுநாள் ஆபீசர் வீட்டில் வந்துவிட்டார்கள். அந்தம்மா முயலைப் புரட்டிப் பார்த்து, "நான் வச்சிருந்ததைவிட வெள்ளையா இருக்கே" என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்த வருஷம் நிரந்தரமானவர்களில் அப்பா இல்லை. முயலுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்பது எங்களைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது போல.

முயல் போன மறுநாளே அம்மா வெட்டுக்கத்தியோடு கிளம்பிவிட்டாள். அன்று சாயங்காலம் நான் பெரிய மனுஷி போல அப்பாவிடம் போய், "யப்பா, அம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியல. இல்லாத மஞ்சய இருக்குது, இருக்குதுன்னுச்சு. கண்ணாடி வாங்கிக் குடு" என்றேன்.

அப்பா அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உலை கொதித்து வழிந்துகொண்டிருந்தது. களைந்த அரிசியைக் கையில் பிடித்தபடியே, உட்கார்ந்த வாக்கில் அம்மா தூங்கிப்போயிருந்தாள். அவர் காதில் விழவில்லை என்று நினைத்து, கண்ணாடி வாங்க வேண்டும் என்று நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.