தக்காளி கருகிய மணம்

காய்ச்சல் விட்ட பிறகும் என் மூக்குக்கு மணம் திரும்பவில்லை. சளியும் இல்லை, அடைப்பும் இல்லை. மூச்சு நன்றாகத்தான் போய்வந்தது. மீன் குழம்பு வாய்க்குள் வெறும் சூடும் உப்பும் புளிப்புமாக இருந்தது. அது மீன் என்று கண்தான் சொல்லவேண்டியிருந்தது.

"சிலருக்குக் கெதியா வரும், சிலருக்கு மாசக்கணக்காகும்" என்றார் டாக்டர்.

"வராமலே போறதும் உண்டா?" என்று கேட்டேன்.

"பாப்பம்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நான் பயந்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள், காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து, பக்கத்திலேயே இருந்து வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வந்த கணவர் வாசலிலேயே கத்திக்கொண்டு ஓடிவந்து அடைத்தார். அன்றிலிருந்து என்னைத் தனியே குசினிக்குள் விடவில்லை. கட்டாரில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தவர், நன்றாகவே சமைப்பார். நான்தான் இரண்டு கவளத்தோடு எழும்பிவிடுவேன். அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "புள்ள, மணம் தெரியாட்டியும் உறைப்புத் தெரியுந்தானே? அங்க ஒரு மெக்சிக்கோக்காரன் காட்டித் தந்த சல்சா செஞ்சு தாறன்" என்றார்.

"சல்சாவெண்டா?"

"நம்மட சம்பல் மாதிரித்தான். தேங்காய் இல்ல. எல்லாத்தையும் சுட்டு எடுக்கணும்."

முற்றத்தில் தேங்காய்ச் சிரட்டைகளைப் பற்றவைத்து, தணலானதும் கம்பித்தட்டை வைத்தார். கரடியனாற்றுத் தோட்டத் தக்காளிகளை முழுதாக அதன்மேல் அடுக்கினார். தோல் கறுத்து வெடிக்கும்வரை அவற்றைத் தொடவேயில்லை. பக்கத்தில் உரிக்காத வெங்காயமும் உள்ளிப்பூண்டும் வெந்தன. கடைசியாகச் செத்தல் கொச்சிக்காயைப் போட்டதும் இருவரும் இருமத் தொடங்கினோம்.

"என்ன, ஊரையே கொல்லப்போறீங்களா?" என்று வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு அக்காவும் இருமினார்.

என் கண்ணிலும் தண்ணீர் ஓடியது. ஆனால் புகை தொண்டையை எரித்ததே தவிர, மணக்கவில்லை.

சுட்டதையெல்லாம் உரலில் கொரகொரவென்று இடித்து, உப்புப் போட்டு, தேசிக்காய் பிழிந்து, ரொட்டியோடு தந்தார். நாக்கு பற்றி எரிந்தது. அந்த எரிவுக்காகவே ரொட்டி முழுவதையும் சாப்பிட்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. பிறகு ஞாயிறுதோறும் சிரட்டை பற்றவைத்தார்.

அப்படியொரு பின்னேரம், நான் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். வாவிப் பக்கமிருந்து காற்று அடித்தது.

"இஞ்சாருங்க, எங்கயோ என்னவோ கருகுது" என்றேன்.

"ஓம், இஞ்ச தக்காளிதான்…" என்றவர், இடுக்கியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். நானும் நின்றேன்.

"இன்னொருக்காச் சொல்லு."

"கருகல் மணம் வருகுது."

குசினிக்குள் ஓடிப்போய்ப் பச்சை உள்ளியை நசுக்கிக்கொண்டு வந்து என் மூக்கருகே நீட்டினார். தெரிந்தது. குளிக்கிற சவர்க்காரத்தைக் கொண்டுவந்தார். ஒன்றுமில்லை.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்றார்.

நான் உடுப்புகளைத் தரையில் போட்டுவிட்டு, தணலுக்கு மேலே குனிந்து, இருமல் வரும்வரை அந்தக் கருகலை இழுத்து இழுத்து முகர்ந்தேன். எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது.

அன்றைக்கு ஒரு வாய் சாப்பிட்டதுமே, "உள்ளி கூடிப்போச்சு" என்றேன்.

"கூடிப்போச்சா?" என்று கேட்டவர், வேலிப் பக்கம் திரும்பி, "அக்கா, உள்ளி கூடிப்போச்சாம்!" என்று கூவினார்.

"அதுக்கு ஏன் இந்தச் சந்தோசம்?" என்று அக்கா கேட்டார். எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மற்ற மணங்கள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் வந்தன. கோப்பி மட்டும் இன்னும் ரப்பர் எரிவதுபோல மணக்கிறது. நான் தேத்தண்ணி குடிக்கிறேன்.