பெட்டியின் மேல் கிடந்த கொடி

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தினேன். போர்ப் பாடம் வந்தால் எனக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். பீரங்கிப் புகையில் பக்கத்து ஆள் முகமே தெரியாது, சிப்பாய் கண்ணுக்குத் தெரிவது கொடி ஒன்றுதான், அது நிற்கிற இடம்தான் அவன் படை நிற்கிற இடம் என்பேன். கொடி பிடித்தவனைத்தான் எதிரி முதலில் குறிபார்ப்பான். அவன் விழுந்தால் அடுத்தவன் ஓடிவந்து கம்பைப் பிடிப்பான். கொடியை விட்டுக்கொடுப்பதைவிடச் சாவதே மேல் என்று இருந்தார்கள் என்பேன். செஞ்சிக்கோட்டைக்குச் சுற்றுலா போய் வந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். வாய்ச்சவடால். என் கைக்கு ஒரு கொடி வந்தபோது நான் அதை ஐந்து நிமிடம்கூட வைத்திருக்கவில்லை.

என் தம்பி 1993இல் பட்டாளத்துக்குப் போனான். பயிற்சி முடிந்ததும், படைக் கொடியை எதிரில் நிறுத்திச் சத்தியம் வாங்கினார்கள் என்று கடிதம் எழுதினான். 'இப்பல்லாம் சண்டைக்குக் கொடி போறது இல்ல, எங்களத்தான் அனுப்புறாங்க' என்று கிண்டலாக ஒரு வரி சேர்த்திருந்தான். சில வருடம் கழித்து வடக்கே ஒரு பனிமலையிலிருந்து கோலியனூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெட்டியில் வந்தான்.

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்த அதிகாரி சொல்லிவிட்டார். முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அம்மா விபூதியைத் தண்ணீரில் குழைத்து, மகனின் நெற்றி இருக்கும் என்று நினைத்த இடத்தில், தேசியக் கொடியின் காவிப் பட்டை மேல், மூன்று விரலால் பூசினாள். யாரும் தடுக்கவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்கு வருவது எங்களில் வழக்கம் இல்லை. தெருமுனையோடு அம்மாவைத் திருப்பி அழைத்துப் போய்விட்டார்கள்.

சுடுகாட்டில் சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். கொடியை எடுத்து மடித்தார்கள். அப்பா முன்பே இறந்துவிட்டதால் கொள்ளி வைக்க நான்தான் நின்றேன். அந்த அதிகாரி இரண்டு கையாலும் கொடியை என்னிடம் நீட்டினார். வாங்கினேன்.

பின்னால் நின்ற பெரியப்பா காதோரம் சொன்னார்: "பொணத்து மேல கெடந்தத ஊட்டுக்கு எட்த்துக்கினு போவக் கூடாதுடா. தீட்டு. கொடுத்துடு, வெறகு அடுக்குறவன்கிட்ட."

பிணத்தின் மேல் போட்ட துணி சுடுகாட்டில் வேலை பார்ப்பவருக்குப் போய்விடும், எங்கள் ஊர் வழக்கம் அது. எனக்கு அன்று புத்தி வேலை செய்யவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். வேலை செய்யத்தான் செய்தது. ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தது. விறகு அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் கொடுத்தேன்.

"சார், இது கொடி சார்" என்றார் அவர்.

"வச்சிக்க" என்றேன்.

ஆறேழு மாதம் கழித்து ராணுவத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு விழுப்புரத்தில் ஒரு கூட்டம் நடத்தினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாய், மடித்த கொடியைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா கேட்டாள்.

"ஏம்பா, அவங்களுக்குக் குடுத்துக்கிறாங்களே. நமக்குக் குடுக்கலியா?"

"குடுக்கலம்மா."

மறுநாள் காலையிலேயே சுடுகாட்டுக்காரர் வீட்டுக்கு ஓடினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு நாள் வச்சிருந்தேன் சார். போலீஸு கேட்டா இன்னா சொல்றதுன்னு பயமா இருந்துச்சு. தம்பி எரிஞ்ச எடத்துலயே வச்சிக் கொளுத்திட்டேன்." அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

கொடி கேட்டு ராணுவத்துக்கு மனு எழுதச் சொன்னாள் அம்மா. எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கிழித்துப் போட்டேன். அடுத்தடுத்த வருடங்களில் இன்னும் மூன்று மனு. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கொல்லையிலிருந்து ஈரக் கையோடு வாசலுக்கு வருவாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். நான் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். பத்து வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

இடுப்பெலும்பு முறிந்து அவள் படுத்துவிட்ட வருடம், கதர்க் கடையில் ஒரு கொடி வாங்கினேன். கஞ்சி போக இரண்டு தரம் அலசி, நிழலில் உலர்த்தி, அன்று பார்த்தது போலவே மடித்தேன்.

"வந்துடுச்சும்மா" என்றேன்.

அம்மா பிரித்தாள். காவிப் பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிக்கொண்டே போனாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினாள். மூக்கில் வைத்துப் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"தொவச்சிட்டாங்க போலம்மா" என்றேன்.

"இது யாரு மேலயும் கெடந்தது இல்லப்பா" என்றாள். கோபமே இல்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "சுடுகாட்டுலயே உட்டுட்டு வந்துட்டியா?"

"தீட்டுன்னு பெரியப்பா சொன்னாரும்மா."

"எம்புள்ள எனக்கு இன்னாடா தீட்டு?"

அந்தப் புதுக் கொடியை மடித்தாள். சரியாக மடிக்க வரவில்லை. இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.