சமையலறைச் சுவரில் ஒரு மஞ்சள் தீற்றல்

இல்லவே இல்லை. என் மகள் தன் புருஷனை வீட்டை விட்டுத் துரத்தவில்லை. எதிர்வீட்டுத் தையற்காரி ஜன்னல் வழியாகப் பார்த்தது பாதி, ஒட்டுப் போட்டுத் தைத்தது பாதி. "லாரியில வந்து இறங்கின மனுஷனை எந்தப் பொண்டாட்டி வச்சுப்பா? 'கிளம்புங்க'ன்னு அவ கத்தினது என் காதுலயே விழுந்துச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறாள். லாரியில் வந்தது உண்மை. கத்தினதும் உண்மை. நடுவில் நடந்ததைக் கேட்டாளா?

என் மாப்பிள்ளை வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். கோடு இழுத்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அதனாலேயே அவருக்கு 'நூல்கயிறு' என்று பெயர். நினைவு தெரிந்த நாள் முதல் ஒரு முழத் தூரத்தில் சுவரைப் பார்த்தே நின்ற மனுஷன். மலைமேல் ஆரம்பித்து, காடு மேடெல்லாம் தாண்டி, கடற்கரையில் முடிகிற ஒரு நடைபாதை இருக்கிறதாம். நடந்து முடிக்க வாரக்கணக்கில் ஆகுமாம். "கண்ணு முன்னால சுவரே இல்லாம கொஞ்ச நாள் நடக்கணும் அத்தை" என்றார். அதில் என்ன தப்பு?

போனார். முதல் நாள் அம்புக்குறி போட்ட பலகைகள் வழிகாட்டின. மறுநாள்தான் மலை அவரைப் பிழிந்தெடுத்தது. விடாத மழை. சரிவெல்லாம் உருளைக் கல். ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கல். உச்சியில் மூடுபனி, பாதை இரண்டாகப் பிரிகிறது, பலகையைக் காணோம். பெயிண்ட் அடையாளம் மட்டும்தான். இடது பக்கம் பாறையில் மஞ்சளாக ஒரு தீற்றல், கோணலாக, ஒழுகி வழிந்து. வலது பக்கம் மரங்களில் சிவப்புப் பட்டை, எல்லாம் ஒரே உயரம், ஓரமெல்லாம் கத்தியால் நறுக்கின மாதிரி.

'மஞ்சளை எவனோ விளையாட்டுக்கு அடிச்சிருக்கான். வேலை தெரிஞ்சவன் அடிச்சது சிவப்புதான்' என்று நினைத்து வலது பக்கம் இறங்கிவிட்டார்.

இறங்க இறங்கக் காடு. ஓடையில் இடுப்பளவு தண்ணீர். மூட்டையைத் தலையில் வைத்துத் தாண்டினார். வழுக்கி விழுந்து முழங்கால் பந்தாக வீங்கியது. ஆனாலும் சிவப்பைப் பார்த்தால் ஒரு தெம்பு. சாயங்காலம் நிமிர்ந்து பார்க்கிறார்: முன்னால் சிவப்பு, பின்னால் சிவப்பு, சுற்றியிருக்கிற அத்தனை மரத்திலும் சிவப்பு. எந்தப் பக்கம் போவது?

மரம் வெட்டுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணே, இது நாங்க வெட்டப்போற மரத்துக்கு அடிச்சது. உங்க வழி மலைக்கு அந்தப் பக்கம், மஞ்சள் அடிச்சிருக்கிற பாதை."

மாப்பிள்ளை என்ன கேட்டார் தெரியுமா? "அடிச்சது யாருப்பா? நல்ல கை."

அவர்கள்தான் லாரியில் ஏற்றி வாசலில் இறக்கினார்கள். "கட்டையோட கட்டையா வந்து இறங்கினாரு" என்று தையற்காரி சிரிக்க, தெருவே சிரித்தது. மாப்பிள்ளை மூட்டையைப் பரண்மேல் போட்டார். "எனக்கு சுவர்தான் லாயக்கு" என்று உட்கார்ந்துவிட்டார்.

என் மகள் விடுவாளா? அவருடைய பிரஷையே எடுத்து, சமையலறையில் அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, மஞ்சளில் கோணல்மாணலாக ஒரு இழுப்பு இழுத்தாள். ஒழுகவும் விட்டாள்.

"ஐயையோ, என்ன வேலை இது!"

"முழங்கால் சரியாகுற வரைக்கும் இதைத் தொடாம இருந்தீங்கன்னா மறுபடியும் போகலாம். தொட்டீங்க, மூட்டை பழைய துணிக்காரனுக்கு!"

அந்த மனுஷன் பட்ட பாடு! சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவள் தட்டை எதிர்ப்பக்கம் நகர்த்தி வைத்தாள். ஒரு நாள் ஈரத்துணியோடு சுவர்ப்பக்கம் நின்றவரை நானே பிடித்தேன். "ஓரத்தை மட்டும் அத்தை..."

"துணியைக் கீழ போடுங்க மாப்பிள்ளை."

போட்டார். சில வாரம் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டே அதை நிமிர்ந்து பார்த்தார். "கோணலா இருந்தாலும் தூரத்துல இருந்தே பளிச்சுன்னு தெரியுது, இல்ல?" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். மூட்டை அன்றைக்கே பரணிலிருந்து இறங்கியது.

கிளம்பின அன்றைக்கு ஷூ நாடாவைக் கட்டிவிட்டவளே என் மகள்தான். துரத்துகிறவள் செய்கிற வேலையா அது? வாசலைத் தாண்டினவர் திரும்பி வந்து தலையை மட்டும் நீட்டினார்.

"நான் வர்ற வரைக்கும் அதுமேல யாரும் வெள்ளையடிச்சிடாதீங்க."

"அடிக்கமாட்டோம், கிளம்புங்க!" என்று கத்தினாள் மகள்.

கிளம்பினார்.