பச்சை பட்டன் அழுத்தாமல் ஓடிய மெஷின்

1. ஏணி மேல் இருந்தபோது

த்ரீ ஃபேஸ் கரண்ட் திரும்பி வந்தபோது நான் ஏணி மேல் நின்று, தண்ணீர் டேங்குக்குப் பைப் மாட்டிக்கொண்டிருந்தேன். கீழே மாட்டுக் கொட்டாயில் புல் வெட்டும் மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது. அடுத்த நொடி என் மனைவி ஸ்டெல்லா அலறினாள்.

எப்படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்து நிறுத்தினேன். வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவையெல்லாம் ரத்தம். நடு விரலிலும் மோதிர விரலிலும் நுனி இல்லை.

"கரண்ட் இல்லன்னுதான்யா கைய வுட்டேன்," என்றாள்.

பக்கத்து நிலத்து முனுசாமியின் குட்டியானை லோடு வண்டியில் அவளை உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டுப் போட்ட நர்ஸ், எப்படி ஆச்சு என்று கேட்டார்.

"புல்லு சிக்கினு நின்னுச்சிம்மா. அதே நேரம் கரண்டும் பூடுச்சி. சரி, எடுத்துடலாம்னு கைய வுட்டேன். நான்தான் பாத்திருக்கணும்."

"மெஷினுக்குள்ள போய் கைய விடலாமாம்மா?" என்று நர்ஸ் கோபித்துக்கொண்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயே திறக்கவில்லை.

2. நான் செய்த வேலை

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ரிட்டையர் ஆனவன் நான். என் அப்பா இந்தப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். மானாம்பதி பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் எங்கள் பெயருக்கு வந்து, அங்கேயே வீடு கட்டிக் குடியேறியபோது எனக்குக் கை பரபரத்தது. காலை ஐந்து மணிக்கெல்லாம் ஸ்பேனரோடு வெளியே போய்விடுவேன்.

கோழிக்கூண்டு ஆரம்பித்தேன். பாதியில் சொட்டுநீர் பைப் போடத் தாவினேன். அதுவும் பாதியில் நிற்க, மாட்டுத் தீவனத்துக்கு அசோலா வளர்க்கும் தொட்டிக்குப் பள்ளம் வெட்டினேன். எதையும் முடிக்கவில்லை. உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட மனசு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

"ஒன்ன முடிச்சிட்டு இன்னொன்ன எடேன்யா," என்பாள் ஸ்டெல்லா. "கோழிக்கூண்டுக்கு இன்னும் கதவு இல்ல. நாய் வந்து ரெண்ட தூக்கினு பூடுச்சி."

"நாளைக்கு முடிச்சிட்றேன்."

அப்படி நாளைக்கு என்று விட்ட ஒரு வேலைதான் அவள் விரல் நுனிகளைப் பறித்தது. எங்கள் பக்கம் த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வந்ததும் கொட்டாய்க்குப் போய் ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனை அழுத்தினால்தான் போர்வெல் மோட்டார் ஓடும். இந்த நடை எனக்குப் பொறுக்கவில்லை. கரண்ட் வந்தால் தானாகவே ஸ்டார்ட் ஆகிற மாதிரி ஒரு ஆட்டோ யூனிட்டை அந்த ஸ்டார்ட்டரில் சேர்த்துவிட்டேன்.

புல் வெட்டும் மெஷினும் அதே ஸ்டார்ட்டரில்தான் ஓடியது. ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்சை மேலே தள்ளினால் போர் மோட்டார், கீழே தள்ளினால் மெஷின். மெஷினுக்குத் தனி ஸ்டார்ட்டர் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வைப்பதற்குள் டேங்க் வேலையை எடுத்துவிட்டேன். ஆட்டோ போட்டதை ஸ்டெல்லாவிடம் சொல்லவும் இல்லை. மெஷினில் தினமும் புல் வெட்டுகிறவள் அவள்தான்.

3. அதற்குப் பிறகு

கோயம்புத்தூரிலிருந்து மகன் டேனியல் போன் செய்தான். "அப்பா எவ்ளோ தடவ சொல்லியிருப்பாரு, பாத்து செய்யக்கூடாதாம்மா?" என்று அவளைத்தான் திட்டினான். ஸ்பீக்கரில் எல்லாம் எனக்குக் கேட்டது. அவள் "ஆமாப்பா, ஆமாப்பா" என்றாள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களும் அவளுக்குத்தான் புத்தி சொன்னார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கூண்டுக் கதவை எடுப்பேன், கீழே போடுவேன். பால் கறக்க உட்கார்ந்தால் மாடு உதைத்தது.

கம்பெனியில் ஆக்சிடென்ட் ரிப்போர்ட் எழுதியவன் நான். காரணம் என்ற கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எத்தனையோ முறை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிரஸ் மெஷினில் கட்டைவிரல் நசுங்கிய ஒருவர், "சார், கை உள்ள போனா மெஷின நிறுத்துற அந்த சென்சார் நேத்து வரைக்கும் வேலை செஞ்சிச்சே, யாராவது கழட்டினாங்களா?" என்று கேட்டார். நான் போய்ப் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டை முடித்து அனுப்பினேன். அவர் முகம் அந்த நாட்களில் திரும்பத் திரும்ப வந்தது.

கட்டுப் பிரித்த மறுநாள் ஸ்டெல்லா கொட்டாய்க்கு வந்து ஸ்டார்ட்டர் முன்னால் நின்றாள்.

"எனக்கு ஒண்ணு புரியல. பச்ச பட்டன அமுக்கினாத்தானே இது ஓடும்? அன்னிக்கி இன்னாத்துக்கு தானா ஓடிச்சி?"

இனி மறைக்க முடியாது. ஆட்டோ போட்டதையும், தனி ஸ்டார்ட்டர் வைக்காமல் விட்டதையும், அவளிடம் சொல்லாததையும் சொன்னேன். "உன் மேல தப்பு இல்ல. என் மேலதான்."

அவள் ஸ்டார்ட்டரை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கைல பட்டது ஆறிப்பூடும்யா. ஆனா அந்த நர்சு திட்னப்போ நீ பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்த? என் புள்ள திட்னப்பவும் கேட்டுக்கினுதானே இருந்த?"

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஆட்டோ யூனிட் பக்கம் போனேன்.

"போன எடு. மொதல்ல டேனியலுக்குச் சொல்லு. என் எதிர்லயே சொல்லு."

சொன்னேன். அவன் முழுக்கக் கேட்டான். பிறகு, "போன அம்மாகிட்ட குடுங்கப்பா," என்றான். கொடுத்துவிட்டு ஆட்டோ யூனிட்டைக் கழற்ற ஆரம்பித்தேன். அன்றைக்கு வேறு எந்த வேலையையும் தொடவில்லை. தனி ஸ்டார்ட்டர் வைத்து, மெஷின் பக்கத்திலேயே கரண்டை முழுக்கத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் மாட்டி, ஸ்டெல்லாவை அழைத்து ஆஃப் செய்து காட்டினேன். "நானே பண்ணிப் பாக்கறேன்," என்று இடது கையால் மூன்று முறை போட்டு நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

புதிதாக வயரிங் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு மெஷினில் எதை மாற்றினாலும், அதில் கை வைக்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காதீர்கள். மீறி ஒன்று நடந்துவிட்டால், அடிபட்டவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் திறந்துவிடுங்கள். எனக்கு அதற்குப் பதினேழு நாள் ஆனது.