முதல் விளக்கு போன கொட்டகை

சித்தூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி, ரயில் பிடித்து, சூளூர்பேட்டையில் இறங்கி இன்னும் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் படகு விளக்கு செய்கிறது. தாத்தா மிஷன் தொழிற்பள்ளியில் பித்தளை வார்க்கக் கற்றவர். பழவேற்காட்டுப் பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் தாழ்ப்பாள் கேட்டு வந்தார். அடுத்த தடவை விளக்கு கேட்டார். "ஏரியில முழங்கால் தண்ணி இல்ல, இவுங்க படகுக்கு வெளக்கு செய்றாங்களாம்!" என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே, எங்கள் அடுப்பு எரிந்தது.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எதைச் செய்தாலும் முதல் உருப்படி கர்த்தருக்கென்று, எங்கள் சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகைக்குப் போய்விடும். மற்றவர்கள் பூசணிக்காயும் வேர்க்கடலையும் கோழியும் கொண்டுவருவார்கள், நாங்கள் பித்தளை. ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம். அதனால் சபையில் பாதி வீடுகளில் படகுச் சாமான்தான். போதகர் வீட்டுக் குளியலறைக்குப் படகுத் தாழ்ப்பாள். படகுக் கயிறு சுற்றும் கொம்பில் ஒரு வீட்டில் ஆடு கட்டியிருக்கிறது.

நாடு கதவைத் திறந்துவிட்ட வருஷங்களில் வெளியிலிருந்து பிளாஸ்டிக் விளக்கு வந்து குவிந்தது. கரையோர வியாபாரம் படுத்துவிட்டது. அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். "பட்டற ஷெட்ட வித்துட்டு இங்க வந்துடு நைனா" என்று அப்பாவுக்கு ஞாயிறுதோறும் போன். சும்மா உட்காரவைத்தால் நைனா ஒரு மாசம் தாங்கமாட்டார். எனக்கு அந்த பயம்தான்.

அதே திறந்த கதவு வழியாக ஒரு வெளிநாட்டுப் படகுக் கம்பெனியும் எங்களைத் தேடி வந்தது. நாங்கள் அனுப்பிய மாதிரி விளக்கைச் சோதித்து, கைப்பிடியில் ஈய முத்திரை வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். மொத்தச் சரக்கும் இதைப்போலவே இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் என்றார்கள். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் ஷெட்டை விற்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

மழையெல்லாம் ஓய்ந்தபின் இன்ஸ்பெக்டர் சென்னையிலிருந்து வந்தார். அவருக்குக் காபி கொடுத்துவிட்டு பீரோவைத் திறந்தேன். மாதிரியைக் காணோம்.

"நைனா, முத்திர போட்ட வெளக்கு எங்க?"

"மழைக்கு முன்னாடியே பண்டிகைக்குக் குடுத்துட்டேனே. அதானே மொதல்ல செஞ்சது?"

அட கடவுளே! "உனக்கு மூள கீள இருக்குதா?" என்று பெற்ற தகப்பனைப் பார்த்துக் கத்தினேன். இன்றைக்கும் அதற்கு வெட்கப்படுகிறேன். அவர் அசையவில்லை. "கர்த்தருக்கு ரெண்டாவது செஞ்சதக் குடுக்கச் சொல்றியா?" என்றார்.

ஏலத்தில் எடுத்தது பால்காரம்மா என்றும் சொன்னார். ஓடினேன். மாட்டுக்கொட்டகை வாசலில், கூரைக்கு வெளியே, ஒரு கம்பத்தில் எங்கள் விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

"சாமி ஏலத்துல எடுத்தத திருப்பிக் குடுத்தா வீட்டுக்கு ஆவாதும்மா" என்றது அந்த அம்மா. கெஞ்சினேன், வேறு விளக்கு இரண்டு தருகிறேன் என்றேன். ஊஹூம். "வேணும்னா உன் ஆபீசர இங்க இட்டுக்கினு வா."

வேறு வழி? நான் போய்ச் சொல்ல, நைனா இன்ஸ்பெக்டரைச் சரக்கிலிருந்து ஒரு புது விளக்கோடு ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஓட்டிவந்தார். பளபளவென்ற ஷூவோடு சாணியைத் தாண்டித் தாண்டி நடந்தார் மனுஷன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முத்திரையைத் துடைத்துப் பார்த்தார். "மழை பூரா இங்கேயா தொங்குச்சு?"

"பின்ன? மழையின்னா எரும பால் குடுக்காதா? டெய்லி அஞ்சு மணிக்கு இந்த லைட்ட போட்டுக்கினுதான் கறக்குறேன்."

அவர் விளக்கு மூடியின் நான்கு திருகாணிகளையும் கழற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் உள்ளே விரலை விட்டுத் தடவி, அந்த விரலை நைனாவிடம் காட்டிக்கொண்டிருந்தார். ஈரமில்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

"எங்க தண்ணி டெஸ்டெல்லாம் ரெண்டு நாள்தாங்க" என்று சிரித்தார். கொண்டுவந்த புது விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பால் கேன் மூடிமேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்து, ஷெட் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டான். நைனா இருமிக்கொண்டார்.

"ஷெட்டுக்கு ஆள் பத்தல. நீ எப்ப வர்ற?"