மூடுபனிக்குள் ஒரு மௌன நாடகம்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவே, மேடையில் புகை எழுவதைக் கண்டு ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி அணைத்தவன் நான்தான். போடியில் யாராவது இதற்குள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது தரை துடைத்த தண்ணீர் என்பதை மட்டும் நாகரிகம் கருதி விட்டிருப்பார்கள்.

தீ எதுவும் இல்லை. எங்கள் சபையின் கிரியேட்டிவ் டீம் புதிதாக வாங்கியிருந்த புகை இயந்திரம் அது. எல்இடி திரையின் நீல வெளிச்சத்துக்கு முன்னால் மேகம்போல் பரவ வேண்டும் என்பது ஏற்பாடு. டீமின் தலைவி ஷைனி, வீட்டில் இருந்தபடியே பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பெண், கறுப்பு டி-சர்ட்டில் ஓடி வந்தாள். "அங்கிள், அது நாங்களே விடுறது" என்றாள். கோபப்படக்கூட இல்லை. கோபமெல்லாம் சமவயதுக்காரர்கள்மேல் படுவது.

துடைப்பத்தோடு குனிந்து அந்தத் தண்ணீரைத் தள்ளும்போதுதான் இயந்திரப் புகையின் வாசனை மூக்கில் ஏறியது. இருமல் மருந்தைச் சுடவைத்ததுபோல ஓர் இனிப்பு. எனக்குத் தெரிந்த மேகத்துக்கு அந்த வாசனை கிடையாது. அதில் ஊறிய காப்பிப் பழத்தோலும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் விறகுப் புகையும் இருக்கும். அந்த மேகத்தையும் மேடையில் பயன்படுத்தியவன் நான்தான். பயன்படுத்தியது யார் யாரை என்பதை நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நாங்களும் ஒருகாலத்தில் கிரியேட்டிவ் டீம்தான். அப்போது பெயர் நாடகக் கமிட்டி, வேலை கிறிஸ்துமஸ் நாடகம் போடுவது. பகலில் நான் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். எத்தனை முறை குளித்தாலும் மணம் போகாது. ஒத்திகைக்கு நான் கோயில் படியேறும்போதே உள்ளேயிருந்து "பாயசம் வந்துருச்சு" என்று குரல் கேட்கும். நாடகத்துக்குத் தாடி செய்யச் சணல் கொண்டுவருவதும் நான்தான். அதுவும் ஏலக்காய்ச் சாக்கைப் பிரித்த சணல். அதனால் எங்கள் கிழக்கத்திய ஞானிகள் எதைக் காணிக்கையாகக் கொண்டுவந்தாலும் மேடை முழுக்க ஏலக்காய்தான் மணக்கும். அவர்களில் ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டின் ஓரத்தில் எங்கள் கடையின் பெயரும் தெரியும். முதலாளி அதை விளம்பரமாகக் கருதி அனுமதித்திருந்தார்.

கமிட்டியின் உயிர் எஸ்தர். சந்தைப்பக்கம் ஒரு தையல் மிஷினோடு உட்கார்ந்திருப்பாள். வருஷம் முழுக்கப் பள்ளிச் சீருடையும் பாவாடை ஓரமும் தைத்தவளுக்கு, டிசம்பரில்தான் ராஜாவுக்கு அங்கி தைக்கக் கிடைக்கும். பழைய பட்டுப்புடவையின் சரிகையைப் பிரித்து, குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோதுக்கு அவள் தைத்த அங்கியைப் பார்த்து, அவனைச் சபிக்க வேண்டிய சபையே கைதட்டியது. மரியாளாகவும் அவளே நடித்தாள். அந்த உடையை அவள் அளவுக்கு அவளே தைத்துவிட்டதால் வேறு யாருக்கும் அது சேரவில்லை.

யோசேப்பாக நடித்தவர் தங்கராஜ் அண்ணன். விடிவதற்கு முன்னால் தோட்டத்து ஆட்களை ஜீப்பில் அடைத்து மலைக்கு ஏற்றுகிறவர். "ஏறு, ஏறு, வெரசா ஏறு" என்று நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவருக்கு வசனம் மனப்பாடம் ஆகாது. திரைக்குப் பின்னாலிருந்து நான் எடுத்துக்கொடுப்பேன். என் குரல்தான் பெரிதாகக் கேட்கும். யோசேப்பு நல்லவர், ஆனால் இரண்டு குரலில் பேசுகிறார் என்று சிறுபிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சொல்லவரும் வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸில் ஒரு விபத்து. தேவதூதர் தோன்றும் இடத்தில் மேகம் வேண்டுமென்று ஈரத் தேங்காய் மட்டையைக் கொளுத்தினோம். பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சபையில் பாதி தெருவில் நின்றது. அதிலிருந்தே போதகருக்கு எங்கள்மேல் மனம் விட்டுப்போயிற்று.

"தம்பி, இந்த வருசம் நாடகத்த மலைமேல நம்ம கிளைச்சபைக்குக் கொண்டு போங்க" என்றார். "அங்கயும் எடுபடலைன்னா நிப்பாட்டிருவோம். மதுரையில படம் வாடகைக்குக் குடுக்குறாகளாம். திரையக் கட்டி ஓட்டிருவோம், சோலி முடிஞ்சுச்சு."

எஸ்தர் வாயைத் திறந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "படம் ஓட்டுனா நான் எதத் தைக்கிறது?"

அந்தக் கேள்விக்கு நான் ஒரு மேதையாகப் பதில் சொல்ல முடிவுசெய்தேன். அந்த நாளில் நான் சிறுபத்திரிகைகள் படித்துக்கொண்டிருந்தேன். மதுரையில் ஒரு மௌன நாடகம் வேறு பார்த்திருந்தேன். மேடைக்குச் சொல்தான் சத்துரு என்று கமிட்டியில் அறிவித்தேன். தங்கராஜ் அண்ணன் கையை உயர்த்தி, "அப்ப மனப்பாடம் பண்ண வேணாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இன்னொரு யோசனையும் சொன்னேன். புகையை நாம் ஏன் உண்டாக்க வேண்டும், மலையில் அது சும்மா கிடக்கிறதே.

குரங்கணிக்கு மேலே, எங்கள் கிளைச்சபையின் தகரக் கூரைக்குப் பக்கத்தில் காப்பி காயப்போடும் களம் ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். சாயங்காலம் வேலை முடிந்து சங்கு ஊதியதும் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து, களத்தின் ஓரத்தில் திரைபோல அப்படியே நின்றது. அதற்கு முன்னால் தேவதூதர் நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்து எனக்கே கண் கலங்கியது.

நாடகத்தன்று ஜீப்பில் சாமான் பாதி, ராஜாக்கள் பாதி. காப்பிப் பழத்தை ஒதுக்கிக் களத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். சபைக்காரர்களைவிடத் தோட்டத்து மற்ற ஜனம்தான் அதிகம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தகர டின்களில் கங்கு போட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாடகம் ஆரம்பித்தது. யோசேப்பும் மரியாளும் மெல்ல நடந்து வருகிறார்கள். அப்போது பனி வந்தது.

என் காட்சிப் பட்டியலை அது படித்திருக்கவில்லை. ஓரத்தில் நிற்கவுமில்லை. நேரே மேடைக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. எஸ்தர் இரண்டு மாதம் உட்கார்ந்து தைத்த அங்கிகள், ராஜாக்கள், இடையர்கள் எல்லாம் போயிற்று. உலகத்திலேயே, கண்ணுக்கும் தெரியாத, காதுக்கும் கேட்காத நாடகத்தை நடத்திய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பக்கத்தில் எங்கோ போதகர் செருமினார். அந்தச் செருமலில் மதுரைப் படம் ஓடத் தொடங்குவது எனக்குக் கேட்டது.

"எஸ்தரு" என்றது ஒரு குரல். "இல்ல, மரியா. எங்கம்மா நிக்கிற?"

"இங்கதாண்ணே."

"அண்ணேங்காத. புருசன்."

"சரிங்கண்ணே."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கராஜ் அண்ணனுக்கு என்ன தோன்றியதோ, எழுதாத வசனத்தைப் பேச ஆரம்பித்தார். ஜீப்பில் கத்திக் கத்திக் கரகரத்த அதே குரல், ஆனால் தணிந்து வந்தது.

"ஐயா, வீட்ல யாரு? ரொம்பத் தூரத்துல இருந்து வர்றோம். பிள்ளத்தாச்சிப் பொம்பள. ராத்தங்க ஒரு இடம் கெடைக்குமா?"

குளிரில் அவர் பல் அடிப்பது கேட்டது. மறுபடியும் கேட்டார். சத்திரக்காரர்கள் இடமில்லை என்று மறுக்க வேண்டிய கட்டம். நான் பனிக்குள் தவழ்ந்து, "இல்லைன்னு சொல்லுங்கடா, இல்லைன்னு சொல்லுங்க" என்று கிசுகிசுத்தேன்.

"நான் அப்பவே புடிச்சுத் தலைய ஆட்டிக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்" என்றான் ஒரு சத்திரக்காரன்.

அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது.

"யாருப்பு அது? அந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டுப் பனியில எதுக்கு நிக்கிற. இங்கிட்டுக் கூட்டிட்டு வா, இடங் கெடக்கு."

"கங்கு இருக்கு, வாங்க" என்றது இன்னொரு குரல். "கம்பளி ஒண்ணு இருக்கு" என்றது வேறொன்று. பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் இடம் இருந்தது. பெத்லகேமில் அன்றைக்குக் கதவடைத்த வீடு ஒன்றுகூட இல்லை. மரியாளும் யோசேப்பும் போய் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே இடையர்கள், ஞானிகள், எல்லோருக்கும் கடைசியாக ஏரோதும். பால் இல்லாத கட்டன்காப்பி கைமாறிக்கொண்டிருந்தது. தேவதூதர் மட்டும் அவருக்காகப் போட்டிருந்த காலி டிரம்மின்மேல் ஏறி நின்றவர், யாராவது கூப்பிடும்வரை இறங்கத் தெரியாமல் நின்றார்.

போதகர் பனிக்குள்ளேயே எழுந்து பேசினார். முகம் தெரியாததால் அவர் அழுதாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. "இத்தன வருசமா நானும் பிரசங்கம் பண்றேன். அவுகளுக்கு இடங் குடுத்தத இன்னிக்குத்தாய்யா கேக்குறேன்" என்றார். இறங்கும் வழியில் ஜீப்பில் என் தோளைத் தட்டி, "அடுத்த வருசமும் நீங்களே போடுங்க தம்பி" என்றார். எஸ்தர் பின்சீட்டில் ஏரோதின் அங்கியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு பல டிசம்பர்கள் அவள் ராஜாக்களுக்குத் தைத்தாள். நானும் அந்தப் பனி என்னுடைய திட்டம் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு திரிந்தேன். தலையாட்டுவது அப்போது எங்கள் பாணி.

இன்றைக்கு அந்தக் களத்தில் சுற்றுலாக்காரர்களின் கார்கள் நிற்கின்றன. எஸ்தர் மகனோடு திருப்பூரில் இருக்கிறாள். தங்கராஜ் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஜீப்பின் கதவு மட்டும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மழைக்கு மறைப்பாக நிற்கிறது. ஷைனியின் டீம் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பனி அவர்கள் பட்டனை அமுக்கினால் வருகிறது, அமுக்கினால் நிற்கிறது. எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, எல்லாம் கேட்கிறது. இருட்டில் உட்கார்ந்து பார்க்கும் எங்களிடம் மேடையிலிருந்து யாராவது எதையாவது கேட்டால், பதில் சொல்ல ஒருவருக்கும் தோன்றாது. நடுவில் எழுந்து போனவன் நான் ஒருவன்தான், அதுவும் வாளியோடு.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. அன்று களத்தில், போதகர் பேசி முடித்து எல்லோரும் மூக்கை உறிஞ்சுவது கேட்டுக்கொண்டிருந்தபோது, முதலில் இடங்கொடுத்த அந்த அம்மாவைத் தேடிப்போய் நன்றி சொன்னேன். எஸ்தரின் வயிற்றில் கட்டியிருந்த தலையணையை அவிழ்த்து அவள் முதுகுக்கு வைத்துவிட்டு, கங்கை ஊதிக்கொண்டிருந்தார். என் நன்றி எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை.

"அது கெடக்கட்டும் அப்பு" என்றார். "பனி வெலகுற மாதிரித் தெரியல. நாடகத்த எப்பத்தான் ஆரம்பிப்பீக?"